எழுதத் தொடங்கிய பின் படிக்கும் புத்தகம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்குப் போகும் பேருந்தில், நடவு நட்டுப் பழகிய பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வழி முழுவதும் ஒரே பச்சை. சிலர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். இந்தப் பெண்கள் பார்ப்பது வேறு. "நாத்து முத்திப்போச்சு, தண்ணி லேட்டா வந்திருக்கும்" என்பார் ஒருவர். "குத்து ரொம்ப அகலமா விழுந்திருக்கு, அவசரத்துல நட்டிருக்காளுவ" என்பார் இன்னொருவர். வரப்போரம் கோணிப்போன வரிசை, வெயில் தாங்காமல் மஞ்சளடித்த மூலை, மிஷின் நடவு, கை நடவு எல்லாம் அவர்கள் கண்ணில் படும். அவர்களுக்கும் பச்சை பிடிக்கும். ஆனால் அந்தப் பச்சைக்குள் குனிந்து நின்ற ஆட்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியைப் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் கவிதை எழுதத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. "முன்னெல்லாம் ஒரு நாவலை எடுத்தா சோறு தண்ணி தெரியாம படிப்பேன். இப்ப பத்துப் பக்கத்துல நின்னுடுறேன். இதை ஏன் இப்படி எழுதுனாங்க, நம்ம தெரு இதுல எங்க இருக்குன்னு மனசு போயிடுது. படிக்கிற சுகமே போயிடுச்சு. ரெண்டுல ஒண்ண விட்டுடலாமான்னு இருக்கு" என்றார்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண் அவர். எழுதுவதை விட்டாலும் இழப்பு, படிப்பதை விட்டாலும் இழப்பு. இதே இடத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம். அதனால் இந்த வாரம் அவருக்கான பதிலையே எல்லோருக்கும் எழுதுகிறோம்.

பொட்டலத் தாளும் கிளை நூலகமும்

எங்களில் பலருக்கு முதல் வாசிப்பு மளிகைக்கடைப் பொட்டலத் தாள்தான். சீரகம் கொட்டிய பிறகு தாளைப் பிரித்துத் தடவிப் படிப்போம். பாதிக் கதை இருக்கும், மீதி வேறு யார் வீட்டுப் பருப்பிலோ இருக்கும். பிறகு பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு கிளை நூலகம்.

புத்தகம் ஊர் தேடி வந்த வரலாறு நம் வட்டாரத்துக்கு உண்டு. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கியது. நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். நூல்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி நம் கிராமங்களின் பக்கம் போனது என்று முதலில் படித்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இன்றும் பெருமைதான். இப்போது கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது: வண்டி எந்தத் தெரு முனையில் நின்றிருக்கும்? எங்கள் கொள்ளுத்தாத்தா அதன் பக்கத்தில் போக முடிந்திருக்குமா? முன்பு இந்தக் கேள்வி எங்களுக்கு எழவே இல்லை.

அந்த நாட்களில் நாங்கள் பசித்துப் படித்தோம். கதாநாயகன் யாரோ, அவன் பக்கம் நின்றோம். தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமனை எடுத்தால் கீழே வைக்க முடியாது. 'மோகமுள்' படித்த நாட்களில் கும்பகோணத்தில் பாபுவோடு தெருத் தெருவாக அலைந்தோம். ரங்கண்ணா பாடம் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். காவிரியும் காபி மணமும் தம்புரா சுருதியும் எங்களுடையவை என்றே நம்பினோம். நிஜத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் எங்களை உட்கார விட்டிருப்பார்களா என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்ததில் ஒரு சுகம் இருந்தது. அதை மறுக்க மாட்டோம்.

அம்மாயி கேட்ட கேள்வி

அந்தச் சுகம் ஒரு சாயங்காலம் உடைந்தது. எங்களில் ஒருவர் தன் அம்மாயியைப் பற்றி முதல் பக்கம் எழுதினார். அம்மாயி நாற்பது வருடம் நடவு நட்டவர், எழுத்து தெரியாதவர். பேரன் வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பச்சைக் கம்பளம் விரித்த வயல், தென்றல் தாலாட்டும் நாற்று, வெள்ளிக் கீற்றாய் ஓடும் முள்ளியாறு எல்லாம் அதில் இருந்தன. அம்மாயி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏஞ்சாமி, நல்லாத்தான் இருக்கு. ஆனா சேத்தையே காணுமே? அம்மாயி காலு எதுல நிக்கிது?" என்றார்.

அந்தப் பக்கத்தில் சேறு இல்லை. காலில் சேற்றுப்புண் இல்லை, அட்டை இல்லை, இடுப்பு வலி இல்லை. கூலி எத்தனை மரக்கால் என்பது இல்லை. எங்கள் தெருவின் பேச்சும் இல்லை, அம்மாயி ஏதோ வானொலி நாடகத்தில் பேசுவதுபோலப் பேசினார். வரப்பில் நின்று பார்த்தவர்களின் கண்ணால் எங்கள் அம்மாயியையே பார்த்து எழுதியிருந்தோம். படித்த கதைகளிலிருந்து அந்தக் கண் எங்களுக்குள் வந்துவிட்டது எழுதிப் பார்க்கும்வரை தெரியவே இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி, சிறுவயதில் ஆப்பிரிக்காவைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய சாகசக் கதைகளைப் படித்தபோது வெள்ளைக்காரர்களின் பக்கமே நின்றதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகளில் கரையில் நின்று கூச்சலிடும் காட்டுமிராண்டிகளாக வருபவர்கள் தன்னுடைய ஆட்கள்தான் என்பது பின்னால்தான் அவருக்கு உறைத்தது. 1958-இல் அவருடைய முதல் நாவல் வந்தது. தமிழில் அது 'சிதைவுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

கையில் புத்தகம், கேள்வி தெருவைப் பற்றி

சேறு எங்கே என்ற கேள்விக்குப் பிறகு நாங்கள் திரும்ப எடுத்த முதல் நூல் பாமாவின் 'கருக்கு'. 1992-இல் வந்தது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு, தெருவின் பேச்சிலேயே தன் வாழ்க்கையை எழுதினார்.

அதில் ஓர் இடம் உண்டு. பாமாவின் அண்ணன் பக்கத்து ஊர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகத் திரும்புகிறார். நிலவுடைமைக்காரரின் ஆள் ஒருவர் பின்னாலேயே வருகிறார். பழக்கமில்லாத முகம் என்பதால், எந்தத் தெரு என்று விசாரிக்கிறார். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நூலகப் பதிவேட்டில் பெயரோடு எம்.ஏ. என்று எழுதியதைப் பார்த்ததும் உட்கார முக்காலி வந்தது, 'சார்' என்ற சொல்லும் வந்தது என்பதும் அதே பகுதியில் வரும்.

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது. எழுதத் தொடங்கிய பிறகு படித்தபோது வேறு சிலவும் கண்ணில் பட்டன. இத்தனை பெரிய விஷயத்தைப் பாமா எவ்வளவு சிறிய இடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்! அழுகை இல்லை, பிரசங்கம் இல்லை. வீட்டுக்கு வந்த அண்ணன் சொன்ன செய்தியைப்போலச் சொல்லிவிட்டு நகர்கிறார். நாங்களாக இருந்தால் அந்த இடத்தில் மூன்று பக்கம் பொங்கியிருப்போம். பொங்காததால்தான் அது வாசகருக்குள் போய் உட்கார்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கதாநாயகன் ஜெயித்தபோதும் நாங்கள் அடைந்ததில்லை. கோபம் குறையவில்லை. கோபத்தை எப்படிக் கட்டி வைப்பது என்று ஒருவர் நேரில் காட்டிக் கொடுத்ததுபோல இருந்தது.

அந்த நூல் வந்தபோது தன் சொந்த ஊரிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதியவர்களுக்கு இதன் கனம் புரியும். அச்சில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஊரில் யாரோ ஒருவர் முகம் சுளிக்கலாம் என்ற பயம் இருந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் அந்த வரி நம் கைக்கு வந்திருக்கிறது.

கோபத்தோடு படித்த காலம்

பிறகு ஒரு காலம் வந்தது. பழைய புத்தகங்களை எல்லாம் விசாரணைக் கூண்டில் ஏற்றினோம். மீண்டும் 'மோகமுள்'. ஏறத்தாழ அந்தக் கதையின் காலத்தில்தான் இதே தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. அவற்றை நிறுத்துவதாக மிராசுதார்கள் ஒப்புக்கொண்டது 1944-இல், மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில். அதற்காகக் கிராமம் கிராமமாக நடந்த பி.சீனிவாசராவின் நினைவிடம் நம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. களப்பால் குப்பு நம் பக்கத்து மண்ணின் தலைவர். 1948-இல் திருச்சி சிறையில் உயிர்விட்டவர். தம்புராவின் சுருதியை அத்தனை நுட்பமாகக் கேட்ட காதுக்கு இந்தச் சவுக்குச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று நினைத்து நினைத்துப் புத்தகத்தை மூடினோம்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இன்னும் கடினமாக இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவு அது. அதைப் பின்னணியாகக் கொண்ட இந்த நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. முதலில் படித்தபோது, நம் துயரத்தை ஒருவர் எழுதினாரே என்று நன்றியோடு படித்தோம். எழுதத் தெரிந்த பிறகு படித்தபோது, டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும்தான் கதையின் கண்களாக இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நிலச்சுவான்தாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதும் உறுத்தியது. நூல் வந்த நாளிலிருந்தே அதன்மேல் வைக்கப்பட்ட விமர்சனம் இது. அரைப்படி நெல்லும் சாதியும் நிலமும் பின்னுக்குப் போய், ஒரு மனிதரின் உடற்குறை முன்னுக்கு வந்துவிடுகிறது. அதே நிகழ்வை வைத்துத் திருவாரூர்ப் பகுதியைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் 1999-இல் 'செந்நெல்' எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே நெருப்பை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் எவ்வளவு மாறிவிடுகிறது என்பது விளங்கும்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த சங்கப் பாட்டுகளும் தப்பவில்லை. மருதம் நம்முடைய திணை. வயலும் வயல் சார்ந்த இடமும். சில பாட்டுகளில், நெல் அறுப்பவர்கள் தண்ணுமை முழக்குவார்கள், பறவைகள் பயந்து பறக்கும். அழகான காட்சி என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இன்று அந்தப் பாட்டுகளைப் படித்தால், பறக்கிற பறவையை விட்டுவிட்டு எங்கள் கண் தோலில் விழும் கையைத் தேடுகிறது. புறநானூற்றில் போர்க்களத்தில் பறையடிப்பவரை 'இழிசினன்' என்று அழைக்கும் பாட்டும் உண்டு. அந்தச் சொல்லை வீரத்தின் ஆரவாரத்தில் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறோம்.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர் ராஜ் கௌதமன். பாமாவின் அண்ணன். 2024 நவம்பரில் மறைந்தார். சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் அடித்தளத்தில் இருப்பவர் கண்ணால் வரிவரியாகப் படித்தவர். 'தலித் பார்வையில் தமிழ்ப் பண்பாடு' போன்ற ஆய்வுகளை எழுதிய அதே கை, 2002-இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்ற தன்வரலாற்று நாவலையும் எழுதியது. அதில் அவர் தன்னையே கிண்டல் செய்துகொள்வதைப் படித்தால் வயிறு குலுங்கும். இவ்வளவு கறாராகப் படித்த ஒருவருக்குச் சிரிப்பு வற்றிப்போகவில்லை என்பதை, படிக்கும் சுகம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது தடவை

கோபத்தோடு மூடிய 'மோகமுள்'ளைச் சில வருடங்கள் கழித்து மூன்றாவது தடவை எடுத்தோம். இந்தத் தடவை காரணம் வேறு. எங்கள் கதைகளில் ஆட்கள் பேச மறுத்தார்கள். உரையாடல் எழுத வரவில்லை. தி.ஜா.வின் ஆட்கள் வாயைத் திறந்தாலே வயது, ஊர், மனநிலை எல்லாம் வந்துவிடுகிறதே, எப்படி என்று பார்க்கப் போனோம்.

பக்கம் பக்கமாகப் பார்த்தோம். யாரும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ஒருவர் ஒன்று கேட்டால் இன்னொருவர் அதற்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறார். சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. படித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்து காது கொடுத்தோம். அம்மாயி பேசுவதும் அப்படித்தான்! "சாப்பிட்டியா அம்மாயி" என்று கேட்டால், "அடுப்புல பூன படுத்திருக்கு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டு நிலைமை முழுதும் இருந்தது. தினமும் கேட்ட பேச்சுதான். அதைக் கேட்கும் காதை, எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத ஒரு புத்தகம் திறந்துவிட்டது.

இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம் இல்லை. அந்த நாவலில் நம் ஆட்கள் இல்லை என்பதும் உண்மை, அதிலிருந்து நாங்கள் தொழில் கற்றோம் என்பதும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. நல்ல நடவு யார் வயலில் இருந்தாலும் நல்ல நடவுதான் என்று எங்கள் பெண்களே சொல்வார்கள். அந்த வயலுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்பார்கள்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனும் இதே அனுபவத்தை எழுதியிருக்கிறார். 'கருக்கு' வந்த அதே 1992-இல் வெளியான தன் கட்டுரை நூலில், வெள்ளை எழுத்தாளர்களின் நாவல்களை வாசகியாகப் படித்ததற்கும் எழுத்தாளராகப் படித்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறார். வாசகியாகப் படித்தபோது, அந்த எழுத்தாளர்களின் கற்பனையில் கறுப்பர்களுக்குப் பெரிய இடமில்லை என்று நினைத்திருந்தார். எழுத்தாளராகப் படித்தபோது, கறுப்பர்களை ஓரத்தில் நிறுத்தி வைத்ததே அந்தக் கதைகள் நிற்பதற்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. கோபித்துக்கொண்டு அவர் அந்த நாவல்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை. முன்பைவிட அதிகக் கவனத்தோடு படித்தார்.

அந்த மாணவிக்கு

தங்கச்சி, உங்களுக்குப் போனது ஒரு வகைச் சுகம். கதை இழுத்த இழுப்புக்கெல்லாம் போகிற சுகம். அது முழுதாகத் திரும்பி வராது. பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டோம். அதற்குப் பதிலாக வருவது மெதுவாக வரும். பத்துப் பக்கத்தில் நின்றுவிடுகிறேன் என்றீர்களே, அந்த இடத்தில்தான் அது தொடங்குகிறது. நின்ற இடத்தில் புத்தகத்தை மூடாதீர்கள். எது நிறுத்தியது என்று பாருங்கள். நம் ஆட்களை விட்டுவிட்டுப் போனதா, அல்லது ஒரு சொல் இவ்வளவு சரியாக விழுந்ததா? இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முதலாவது, நீங்கள் எழுத வேண்டியது என்ன என்று சொல்லும். இரண்டாவது, எப்படி எழுதலாம் என்று சொல்லும்.

எழுதுவதை விட்டால் அந்தப் பழைய சுகம் திரும்பும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தடவை சேற்றில் இறங்கிய கால் அதை மறக்காது. படிப்பதை விட்டால் இன்னும் மோசம். அம்மாயிக்கு வாசித்துக் காட்டிய அந்த முதல் பக்கம்போலவே எல்லாப் பக்கமும் ஆகிவிடும். ஏற்கெனவே மனதில் ஒட்டிக்கொண்ட நாலு பச்சைக் கம்பளத்தையே திரும்பத் திரும்ப விரித்துக்கொண்டிருப்போம்.

மற்ற மாணவர்களுக்கும் ஒரு வேலை. இந்த வாரம் கிளை நூலகத்திலிருந்து, முன்பு படித்து ரசித்த ஒரு நூலை மறுபடி எடுங்கள். படிக்கும் முன், உங்கள் தெருவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். வீட்டில் எழுத்து தெரியாத பெரியவர் யாராவது இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நூலைத் திறந்து, அதே கேள்வியை அதனிடமும் கேளுங்கள்.

எங்கள் நண்பர் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி மறுபடி அம்மாயியிடம் வாசித்தார். இந்தத் தடவை சேறு இருந்தது, அட்டை இருந்தது, அவருடைய பேச்சும் இருந்தது. அம்மாயி சிரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "சேறு சரி. அன்னிக்கிக் கூலி கொறச்சு அளந்தானே, அத எங்கடா?" என்றார். நண்பர் இப்போது மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார்.